ஹார்டு டிஸ்க் சத்தம் போடுகிறது, ஃபார்மட் செய்யலாமா?

கேள்வி: 2014ஆம் ஆண்டு வாங்கிய லேப்டாப்பை இன்னமும் பயன்படுத்தி வருகிறேன். சில வாரங்களாக அது இயங்கத் தொடங்கவே வெகுநேரம் ஆகிறது. படங்கள் உள்ள ஃபோல்டரைத் திறந்தால் அப்படியே நின்றுவிடுகிறது. உள்ளே அவ்வப்போது 'டக் டக்' என்று சத்தம் கேட்கிறது. டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் பார்த்தபோது மஞ்சள் நிற எச்சரிக்கை வந்தது. 05 என்ற வரியில் பூஜ்யமும், சி5 என்ற வரியில் ஏ8 என்றும் இருந்தன. ஃபார்மட் செய்து விண்டோஸை மறுபடி போட்டால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். குடும்பப் படங்களுக்கு வேறு பிரதி கிடையாது. என்ன செய்வது?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஃபார்மட் செய்யாதீர்கள். படங்கள் வேறொரு டிஸ்க்குக்குப் போய்ச் சேரும்வரை அந்த லேப்டாப்பில் வேறு எந்த வேலையும் பார்க்காதீர்கள்.

நீங்கள் குறித்து அனுப்பிய இரண்டு வரிகளிலேயே நோய் தெரிகிறது. அந்த மென்பொருள் எண்களை 16ஐ அடிமானமாகக் கொண்டு காட்டுவதால், ஏ8 என்பது நம் வழக்கில் 168 ஆகும். படிக்க முயன்றும் படிக்க முடியாமல், என்ன செய்வதென்று டிஸ்க் முடிவெடுக்காமல் நிறுத்தி வைத்திருக்கும் செக்டார்களின் (தரவு எழுதப்படும் சிறு துண்டு இடங்களின்) எண்ணிக்கை அது. செக்டார் ஒன்றுக்கு 512 பைட் என்று வைத்தால் மொத்தம் 84 கிலோபைட்தான்; ஆனால் அந்தச் சிறு இடத்தைத் தொடும்போதெல்லாம் டிஸ்க் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கிறது, அது முடியும்வரை விண்டோஸும் காத்து நிற்கிறது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டிக்கொண்டே, தரவு போகும் வேகம் மட்டும் ஏறக்குறைய பூஜ்யமாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

05 என்ற வரி, கெட்டுப்போனவை என்று உறுதி செய்யப்பட்டு, உபரியாக ஒதுக்கப்பட்டிருக்கும் செக்டார்களுக்கு மாற்றப்பட்டவற்றின் கணக்கு. அது பூஜ்யமாக இருப்பதைக் கண்டு ஆறுதல் கொள்ள வேண்டாம். பெரும்பாலும், நிறுத்தி வைத்த செக்டாரின் மீது புதிதாக ஏதேனும் எழுதப்படும்போதுதான் டிஸ்க் அதைச் சோதித்து, இடம் நன்றாக இருந்தால் பட்டியலிலிருந்து நீக்கும், இல்லையென்றால் உபரி செக்டாருக்கு மாற்றும். இரண்டில் எது நடந்தாலும் அங்கே முன்பு இருந்த தரவு போய்விடும். முழு ஃபார்மட் என்பது டிஸ்க் முழுவதும் பூஜ்யத்தை எழுதிச் செல்வதுதான் என்பதால், அது முடிந்ததும் சி5 வரி பெரும்பாலும் சுத்தமாகிவிடும், லேப்டாப்பும் சில வாரங்கள் வேகமாக ஓடும். கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. வாடிக்கையாளர் மகிழ்ச்சியுடன் எடுத்துச் செல்வதைத்தான் அவர் பார்த்திருப்பார். ஆனால் தேய்ந்த பரப்பும், அதைப் படிக்கும் முனையான தளர்ந்த ஹெட்டும் அப்படியேதான் இருக்கின்றன.

டிஸ்க்கைச் சோதித்துத் திருத்தும் விண்டோஸின் செக்டிஸ்க் கட்டளையையும் இப்போது தொட வேண்டாம். பரப்பு முழுவதையும் சோதிக்கச் சொன்னால் அது மணிக்கணக்கில் டிஸ்க்கை வருத்துவதோடு, கோப்புப் பட்டியலையும் தன் போக்கில் திருத்திவிடும். பெயரோடு இருந்த படம் பெயரற்ற துண்டாகிக் கிடக்கும். நலமான டிஸ்க்கில் பயன்படும் அந்தக் கருவி, பேக்கப் இல்லாத நோயாளி டிஸ்க்கில் ஆபத்தானது.

சத்தத்தைக் கவனித்துக் கேளுங்கள். குறிப்பிட்ட ஃபோல்டரைத் திறக்கும்போது மட்டும் வந்து, பிறகு அடங்கிவிட்டால் நீங்களே படங்களை எடுத்துவிடும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. மாறாக, சுவிட்சைப் போட்ட நொடியிலிருந்து ஒரே சீராக டக், டக் என்று அடித்து, விண்டோஸ் தொடங்குமுன் வரும் பயாஸ் திரையிலும் டிஸ்க்கின் பெயர் வராமல் போனால், உடனே மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். ஹெட் பழுதான நிலையில் சுழலும் ஒவ்வொரு நிமிடமும் பரப்பைச் சுரண்டக்கூடும். அதற்குமேல் அது தூசியற்ற அறை வைத்திருக்கும் தரவு மீட்பு நிறுவனங்களின் வேலை. செலவு கணிசமாக இருக்கும். ஃப்ரீசரில் வைத்தால் உயிர் வரும் என்று சொல்வார்கள். உள்ளே ஈரம் படிந்து, இருக்கும் வாய்ப்பும் கெடுவதுதான் பெரும்பாலும் மிஞ்சும். மூடியைக் கழற்றிப் பார்க்கும் ஆசையும் வேண்டாம்.

உங்கள் டிஸ்க் இன்னும் முதல் நிலையில் இருப்பதாகவே தெரிகிறது. போதிய இடமுள்ள வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றை வாங்கி, லேப்டாப்பை மெத்தையில் வைக்காமல் மேசையில் வைத்து, சார்ஜரைச் செருகி, ஸ்லீப் வசதியை நிறுத்தி, பக்கத்தில் ஒரு மின்விசிறியையும் ஓடவிடுங்கள். ஃபோல்டர் ஃபோல்டராக, எது போனால் திரும்பக் கிடைக்காதோ அதிலிருந்து தொடங்குங்கள். சினிமாக்களும் மென்பொருள்களும் கடைசியில் வந்தால் போதும். எந்த ஃபோல்டர் சிக்குகிறதோ அதைக் குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள். கெட்ட இடத்தோடு மல்லுக்கட்டும் நேரத்தில் நல்ல இடங்களும் கைநழுவிப் போகலாம். கோப்புகளைப் படியெடுக்க விண்டோஸிலேயே உள்ள ரோபோகாப்பி கட்டளை இதற்கு உதவும். ஆனால் ஒரு கோப்பு தோற்றால் 30 நொடி இடைவெளியில் 10 லட்சம் முறை முயல்வது அதன் இயல்பான அமைப்பு என்பதால், மறுமுயற்சியையும் காத்திருப்பையும் 1 என்று குறைத்துவிட்டே இயக்க வேண்டும்.

விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளம் தெரிந்த நண்பர் இருந்தால் இதைவிட நல்ல வழி உண்டு. பென்டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கி, டிடிரெஸ்கியூ என்ற இலவசக் கருவியைக் கொண்டு முழு டிஸ்க்கையும் படியெடுக்கலாம். அது முதல் சுற்றில் எளிதாகப் படிக்க வரும் பகுதிகளை எல்லாம் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிப்பவற்றைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுச்செல்லும்; எதுவரை வந்தோம் என்பதை ஒரு கோப்பில் எழுதி வைப்பதால் நடுவில் நின்றாலும் தொடரலாம். மூல டிஸ்க் எது, சேரும் டிஸ்க் எது என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால் மட்டும் எல்லாம் அழிந்துவிடும். எண்டர் தட்டுவதற்கு முன் இருவராகச் சரிபாருங்கள்.

படங்கள் வந்து சேர்ந்து, அவற்றில் சிலவற்றைத் திறந்தும் பார்த்த பிறகு, புதிய டிஸ்க் பற்றி யோசிக்கலாம். சாட்டா இணைப்பு வகையிலான 2.5 அங்குல எஸ்எஸ்டி (சுழலும் தட்டுகள் இல்லாத டிஸ்க்) ஒன்று போதும். பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமன், எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர் என்றால் இடைவெளியை நிரப்பும் பிளாஸ்டிக் சட்டத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். பழையதை அப்படியே குளோன் செய்தால் சிதைந்த கோப்புகளும் கூடவே வரும் என்பதால், இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவதே நல்லது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. 2014ஆம் ஆண்டு பிராசஸர்கள் விண்டோஸ் 11க்கான அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை. மின்னஞ்சல், இணையம், கடிதம் தட்டச்சு செய்வது என்ற அளவில்தான் பயன்பாடு என்றால் லினக்ஸ் மின்ட் போடுவதையே நான் பரிந்துரைப்பேன். கீலும் பேட்டரியும் ஏற்கெனவே போயிருந்தால் இந்தச் செலவும் வேண்டாம். அந்தப் பணத்தை அடுத்த லேப்டாப்புக்கு வையுங்கள்.

கழற்றிய டிஸ்க்கைப் பெட்டியில் போட்டு வெளி டிஸ்க்காகப் பயன்படுத்தும் யோசனையை விட்டுவிடுங்கள். ஓரிரு மாதம் ஓரமாக வைத்திருந்து, விடுபட்டது எதுவும் இல்லை என்று தெரிந்ததும் மின்கழிவுக்குக் கொடுக்கலாம். கொடுப்பதற்கு முன் உடைத்துவிட நினைத்தால் கண்ணாடி அணிந்து, ஒரு சாக்கில் சுற்றி வைத்து உடையுங்கள். லேப்டாப் டிஸ்க்குகளின் தட்டுகள் பல கண்ணாடியால் ஆனவை, சில்லாகத் தெறிக்கும்.