பிலிப் தீவில் கடற்கரைப் பறவைகளை எப்படிப் படமெடுப்பது?

மெல்பர்னிலிருந்து தென்கிழக்கே சுமார் 140 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிலிப் தீவுக்குக் கேமராவுடன் செல்வோர் பலரும் பென்குயின்களையே மனத்தில் வைத்துச் செல்கின்றனர். ஆனால் மாலையில் அவை கரையேறும் பென்குயின் பரேடில் பார்வையாளர்கள் கைப்பேசியில்கூடப் படமெடுக்க அனுமதியில்லை. என்னைக் கேட்டால், தீவின் ஊலமாய் கடற்கரையில் வாழும் ஹூடட் பிளவர் என்னும் உப்புக்கொத்தியையே முதலில் தேடச் சொல்வேன். கருந்தலை, சிவந்த கண்வளையம், நுனி கறுத்த சிவப்பு அலகு ஆகியவற்றோடு வெண்மார்பும் உடைய இப்பறவையை எடுக்கும்போது, தலைக்கேற்ப எக்ஸ்போஷர் (கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவு) வைத்தால் மார்பிறகுகள் முற்றிலும் வெளுத்துப்போகும் என்பதால், வெயில் ஏறுமுன், வெண்மையை அளவாகக் கொண்டு எடுப்பது நல்லது. ஆகஸ்ட் முதல் மார்ச் வரை அது அலையெட்டாத மணலில் சிறு குழி பறித்து முட்டையிடும். முட்டைகள் மணல் நிறத்திலேயே இருப்பதால் காலடியில் கிடந்தாலும் தெரியாது. ஆள் நெருங்கினால் அடைகாக்கும் பறவை எழுந்து ஓடிவிடும். சுடுமணலில் முட்டை வெந்துபோகவும் கூடும். ஆகவே தொலைவிலிருந்தே எடுக்க உதவும் 500 மி.மீ. லென்ஸுடன், கூடுகளைக் காக்க வேலியிட்ட பகுதியிலிருந்து விலகி, ஈரமணலிலேயே இருங்கள். இரைதேட அது நீர்விளிம்புக்கு வரும்போது தரையோடு படுத்து எடுக்கலாம். ட்ரோன் வேண்டவே வேண்டாம்.