டேட்டா தீர்ந்தபின் கிடைக்கும் 64 கேபிபிஎஸ் வேகத்தில், பழைய கம்ப்யூட்டரில் உருப்படியாக இணையம் பார்க்க முடியுமா?

கேள்வியின் விவரம்: ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம் கிராமம். டூயல் கோர், 2 ஜிபி ராம், விண்டோஸ் 7. போனிலிருந்துதான் நெட். மதியத்துக்குள் அன்றைய டேட்டா தீர்ந்து டயல்-அப் காலம் மாதிரி ஊர்கிறது. சிட்டா எடுக்க, காப்பீட்டுப் படிவம் ஏற்ற, மெயில் பார்க்க வழி உண்டா?

முடியும். வீடியோவை மறந்துவிடுங்கள், நீங்கள் கேட்ட மூன்றும் நடக்கும்.

"பேசாமல் புது லேப்டாப் வாங்குங்க" என்று இதற்குக் கீழே யாராவது எழுதத்தான் போகிறார்கள். அதே 64-ல் மாட்டினால் புது லேப்டாப்பும் இப்படித்தான் ஊரும். 64 கிலோபிட் என்றால் நொடிக்கு 8 கிலோபைட். கழிவு போக 7 கைக்கு வந்தால் பெரிது. இன்றைய இணையப் பக்கம் ஒன்று சர்வசாதாரணமாக 2 எம்பி இருக்கிறது. திறந்து முடிய ஐந்து நிமிடம். டயல்-அப் மோடம் தாளில் 56, நிஜத்தில் நாற்பது சொச்சம்தான் கொடுத்தது. அப்போது பக்கங்கள் சிறியவை, அதனால் ஓடியது. ஆகவே வேகத்தைக் கூட்டப் பார்க்காதீர்கள், வந்து இறங்குவதைக் குறையுங்கள்.

முதலில் குழாயில் வேறு யார் தண்ணீர் இறைக்கிறார்கள் என்று பாருங்கள். ஸ்டார்ட் மெனுவில் 'ரிசோர்ஸ் மானிட்டர்' என்று தேடித் திறந்து, நெட்வொர்க் தாவலுக்குப் போனால் எந்த நிரல் எவ்வளவு இழுக்கிறது என்று வரிசையாகக் காட்டும். பிரவுசரை மூடிவைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். ஆன்டிவைரஸ் அப்டேட், பிரவுசர் அப்டேட், பிரிண்டரோடு வந்த தேவையில்லாத மென்பொருள், கிளவுட் ஒத்திசைவு, இவைதான் பெரும்பாலும் மாட்டும். எல்லாவற்றிலும் தானாகப் புதுப்பிப்பதை நிறுத்தி, 'கேட்டுவிட்டுச் செய்' என்று மாற்றுங்கள்.

போனும் இதில் கூட்டாளிதான். வாட்ஸ்அப் தானியங்கிப் பதிவிறக்கம், பிளே ஸ்டோர் அப்டேட், புகைப்பட பேக்கப் மூன்றையும் தனித்தனியாக அணையுங்கள். சோம்பலுக்கு டேட்டா சேவரைப் போட்டால் பல போன்களில் ஹாட்ஸ்பாட்டும் டெதரிங்கும் (போன் நெட்டைக் கேபிள் வழியே கம்ப்யூட்டருக்குக் கொடுப்பது) சேர்ந்தே நின்றுவிடும். உங்கள் மதியப் பஞ்சத்தில் பாதி இந்த மூன்றை நிறுத்தினாலே தீரலாம்.

இனி பிரவுசர். விண்டோஸ் 7-க்குக் குரோம் 109-உடன் நின்றுவிட்டது. பயர்பாக்ஸில் 115 இஎஸ்ஆர் (நீண்டகால ஆதரவு) வரிசைதான் கடைசி, அதைப் போடுங்கள். அதில் யூபிளாக் ஆரிஜின் என்ற, விளம்பரம் தடுக்கும் நீட்சியைச் சேருங்கள். பலரும் படத்தை மட்டும் தடுத்துவிட்டு 'அப்படியேதான் இருக்கு' என்பார்கள். காரணம் அளவு மட்டுமில்லை. ஒரு பக்கம் விளம்பரம், கண்காணிப்பு, எழுத்துரு என்று இருபது முப்பது வேறு வேறு சர்வர்களோடு பேசுகிறது. ஒவ்வொரு புது சர்வருக்கும் முகவரி தேட ஒரு நடை, இணைப்புக்கு ஒரு நடை, பூட்டுச் சாவி மாற்றிக்கொள்ள இன்னும் ஓரிரு நடை. மெதுவான இணைப்பில் இந்த நடைகளே நேரத்தைத் தின்றுவிடும். அந்த வெளி சர்வர்களில் பெரும்பாலானவற்றை யூபிளாக் வெட்டிவிடும்.

அதன் அமைப்புகளில் மூன்றைத் தொடுங்கள். பெரிய மீடியாவைத் தடுக்கும் வசதி: 50 கேபி என்ற வரம்பு அங்கேயே இருக்கும், அப்படியே விடலாம். வெளி எழுத்துருக்களைத் தடுப்பது: விண்டோஸ் 7-லேயே லதா இருப்பதால் தமிழ் ஒழுங்காகத் தெரியும், சில பொத்தான்களில் மட்டும் படத்துக்குப் பதில் கட்டம் வரும். மூன்றாவது ஜாவாஸ்கிரிப்ட்டை நிறுத்துவது: செய்தித் தளங்களுக்குப் பிரமாதம், ஆனால் அரசுப் படிவங்களும் ஓடிபி பக்கங்களும் அது இல்லாமல் அசையாது, அந்தத் தளங்களுக்கு மட்டும் திறந்துவிடுங்கள். வடிகட்டிப் பட்டியல்கள் தானாகப் புதுப்பிப்பதையும் நிறுத்துங்கள். அவையே சில எம்பி இருக்கும். நள்ளிரவுக்குப்பின் புது டேட்டா வந்ததும் கையால் ஒருமுறை அழுத்தினால் போதும்.

மெயிலைப் பிரவுசரில் பார்ப்பதை விட்டுவிடுங்கள். ஜிமெயிலின் எளிய எச்டிஎம்எல் தோற்றம் 2024-ல் எடுக்கப்பட்டுவிட்டது. தண்டர்பேர்டு 115 என்ற மெயில் நிரலைப் போட்டு, கணக்கு அமைப்பில் எல்லா அஞ்சலையும் கணினியில் வைத்திருக்கும் குறியை எடுத்துவிட்டு, 50 கேபிக்கு மேற்பட்டவற்றை இறக்காதே என்பதை வையுங்கள். முதல் முறை கணக்கைச் சேர்க்கும்போது வரும் உள்நுழைவுப் பக்கம் கனமானது, காலையில் வேகம் இருக்கும்போதே அதை முடித்துவிட வேண்டும்.

ஏற்றுவது இறக்குவதைவிடக் கஷ்டம். போனில் எடுத்த அடங்கல் படம் 3 எம்பி. 64-ல் ஏழு நிமிடம் ஓடி, முடிவதற்குள் தளம் உங்களை வெளியே தள்ளிவிடும். பெயின்ட் நிரலில் திறந்து அகலத்தை 1200 பிக்சலாகக் குறைத்து ஜேபெக் ஆகச் சேமித்தால் 200 கேபி அளவில் நிற்கும், அரை நிமிட வேலை. ஸ்கேனர் இருந்தால் 150 டிபிஐ, சாம்பல் நிறம். ஓடிபி கேட்கும் தளத்தில், பக்கம் முழுக்க வந்து நின்றபிறகே ஓடிபி பொத்தானை அழுத்துங்கள், இல்லையென்றால் கட்டம் தெரிவதற்குள் எண் காலாவதியாகிவிடும். சம்பா காப்பீட்டுக்கு வழக்கமாக நவம்பர் 15-ஐ ஒட்டிக் கடைசி நாள் வரும். அந்த வாரத்தில் தளமே திணறும், முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

சொல்லாமல் இருக்க முடியவில்லை. மேட்டூரில் இன்று எத்தனை அடி என்ற ஒரே ஒரு எண்ணுக்காகச் சுழலும் படங்களை எல்லாம் இறக்க வைக்கிறார்கள். அறிவிப்பு என்றால் ஸ்கேன் செய்த பிடிஎஃப். நாலு வரி எழுத்துக்கு நாலு எம்பி! இத்தனையும் தாண்டிக் கொள்முதலுக்கு முன்பதிவு செய்தால், களத்தில் கிடக்கும் நெல் மழையில் நனைந்து ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று திரும்பி வரும். அதற்கு எந்த நீட்சியைப் போடுவது? சரி, விடுங்கள்.

கம்ப்யூட்டர் பக்கம் செலவு செய்தே ஆக வேண்டுமென்றால் முதலில் சிஆர் 2032 பேட்டரி, மதர்போர்டில் தேதியையும் நேரத்தையும் காக்கும் காசு வடிவ பேட்டரி. பழைய போர்டில் அது செத்திருந்தால் ஒவ்வொரு மின்தடைக்கும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். உடனே எல்லாத் தளமும் 'இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று மறுக்கும். நெட் கோளாறு என்று நினைத்து சிம்மை மாற்றுகிறவர்கள் உண்டு. வலது மூலையில் தேதியைப் பாருங்கள், அவ்வளவுதான். அடுத்து டிடிஆர்2 ராம் இன்னொரு 2 ஜிபி, போர்டு ஏற்குமா என்று மாடலைப் பார்த்துவிட்டு. எஸ்எஸ்டி கம்ப்யூட்டரை வேகமாக்கும், நெட்டை அல்ல.

விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்துவிட்டது, தெரிந்துதான் எழுதுகிறேன். வங்கி வேலையை அதில் செய்யாதீர்கள், போனிலேயே முடியுங்கள். லினக்ஸ் பழகத் தயார் என்றால் ஆன்டிஎக்ஸ் என்ற லினக்ஸ் வகை 2 ஜிபியில் நன்றாக ஓடும், பென்டிரைவிலிருந்தே சோதித்துப் பார்க்கலாம். கட்டாயம் இல்லை. அதன் நிறுவல் ஃபைலைப் பட்டுக்கோட்டையிலோ மன்னார்குடியிலோ வேகமான நெட் உள்ளவரிடம் இறக்கிக்கொள்ளுங்கள், 64-ல் முயற்சிக்க வேண்டாம்.

இணைப்பு வைஃபை டாங்கிளில் வேண்டாம், யூஎஸ்பி டெதரிங் போதும். விண்டோஸ் 7 பெரும்பாலும் டிரைவரைத் தானே போட்டுக்கொள்ளும், போனும் சார்ஜ் ஆகும். கேபினெட்டின் முன்பக்கத் துளையைத் தவிர்த்துப் பின்பக்கம் செருகுங்கள். டெதரிங் பொத்தான் மங்கலாக இருந்தால் பெரும்பாலும் உங்கள் கேபிள் சார்ஜ் மட்டும் ஏற்றும் வகை, டேட்டா கேபிள் என்று கேட்டு வாங்குங்கள். சிக்னலுக்காகப் போனை ஜன்னலில் வைப்பதானால் கேபிள் 5 மீட்டரைத் தாண்டக் கூடாது.