தேரிக்காட்டில் பைக் ஓட்டலாமா? வெந்நீர் ஊற்று உண்டா?

கேள்வி: அரிசோனாவின் 'ஹாட் வெல் டியூன்ஸ்' போல, மணல்மேட்டில் பைக் ஓட்டி வெந்நீரில் குளிக்கத் திருநெல்வேலிப் பக்கம் ஏதாவது இடம் இருக்கிறதா?

வெளியூரில் இருந்துகொண்டு, புதிதாக ஒரு கனத்த பைக்கையும் வாங்கிவைத்துக்கொண்டு கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் போய் அவமானப்பட்டேன்.

முதலில் வெந்நீர். அரிசோனாவில் 1928-இல் எண்ணெய் தேடித் துளையிட்டபோது சூடான தண்ணீர் வந்தது. அதைத் தொட்டியில் விட்டுக் குளிக்க வசதி செய்தார்கள், மணலில் வண்டி ஓட்டவும் அரசே இடம் ஒதுக்கியிருக்கிறது. நம்மிடம் திருச்செந்தூர் பக்கம் இருப்பது தேரி: இரும்புத் துரு ஏறிய செம்மணல், ஆடிக் காற்றில் இடம் மாறும் மேடுகள், பனை, முந்திரி, உடைமுள். நடுவே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் சுனை உண்டு. குளிர்ந்த நீர்தான். சூடு வேண்டுமானால் மத்தியானம் செருப்பில்லாமல் மணலில் நின்று பாருங்கள்.

("அது தூத்துக்குடி மாவட்டம்" என்று ஒருவர் வருவார். 1986-இல்தான் பிரித்தார்கள். எங்களுக்கு அது இன்னும் திருநெல்வேலிச் சீமைதான்.)

2011 பங்குனி உத்திரம். குலதெய்வம் கும்பிட வீட்டார் எல்லோரும் வேனில் வர, நான் மட்டும் மைத்துனரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புல்லட்டில் போனேன். வனத்துறையின் காப்புக்காட்டுக்குள் போகவில்லை, அனுமதியில்லாமல் போவது குற்றம் என்பது எனக்கும் தெரியும். ஓரத்து முந்திரித் தோட்டத்துப் பாதைதான். நூறு அடி போவதற்குள் பின்சக்கரம் அச்சு வரை புதைந்துவிட்டது. நான் முறுக்க முறுக்க மைத்துனர் முகமெல்லாம் செம்மண். வேனை நிறுத்தி எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

பனையேறும் பெரியவர் ஒருவர் வந்தார். "தம்பி, முறுக்காதே, உள்ளேதான் போகும்" என்றார். டயரில் பாதிக் காற்றை இறக்கச் சொல்லி, சக்கரத்துக்கு முன்னால் பனைமட்டைகளைப் பரப்பினார். வண்டி மெல்ல ஏறி வந்தது. காசு கொடுத்தேன், வாங்கவில்லை. பதிலுக்கு ஆளுக்கொரு பனையோலைப் பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்தார்.

அந்தப் பதநீரைக் குடித்தவனுக்கு இன்று கடையில் விற்கும் கருப்பட்டியைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. சீனிப்பாகைக் கலந்து காய்ச்சிவிட்டு 'அசல் உடன்குடி' என்று அட்டை ஒட்டுகிறார்கள். மரம் ஏறுகிறவருக்கு அதில் என்ன போய்ச் சேர்கிறது? எல்லாக் கடையும் அப்படி என்று சொல்லவில்லை. நான் போன மாதம் வாங்கிய கடை அப்படித்தான். கேள்விக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பது தெரியும்.

பைக்கை வீட்டில் விட்டுவிட்டு, தேரியை ஒட்டிய ஊரான காயாமொழிக்குப் பஸ்ஸில் வாருங்கள். காலை எட்டு மணிக்குள் நடந்துவிட வேண்டும். தண்ணீரும் தடித்த செருப்பும் கட்டாயம். உடைமுள் ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும்.