சம்பந்தி வீட்டுச் சேகாவுக்குப் பத்து வகுப்பு தேவையா?

கேள்வி: மகளுக்கு நவம்பரில் கல்யாணம். மாப்பிள்ளை கிரியோல் (ஆப்பிரிக்க வம்சாவளி) குடும்பம். வரவேற்பில் மொரீஷியஸ் ஆட்டமான சேகா உண்டு, அப்புறம் கொஞ்சம் சல்சாவாம். எனக்கு 58 வயது. காவடி எடுத்திருக்கிறேன், மற்றபடி ஆடியதே இல்லை. கல்யாண ஏற்பாட்டாளர் ஒருவர், பத்து வகுப்பில் முழு ஆட்டத்தையும் மனப்பாடம் செய்யவைப்பதாகச் சொல்லி 18,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். கட்டலாமா?
– காத்ர் போர்ன் (மொரீஷியஸ்) வாசகர்

பதில்: கட்டாதீர்கள் ஐயா. மனப்பாடம் என்று அவர் சொன்னபோதே எழுந்து வந்திருக்கலாம்.

சேகாவில் மனப்பாடம் செய்ய ஒன்றும் இல்லை. எதிரில் நிற்பவர் இடுப்பை அசைத்தால் நீங்கள் பதில் சொல்கிறீர்கள், அவ்வளவுதான். ஒருவரை ஒருவர் தொடுவதில்லை. அதனால் மிதித்துவிடுவோமோ என்ற பயமும் வேண்டாம். பாதம் தரையை விட்டு எழும்பாமல் தேய்ந்தபடியே நகரும். ரவான் என்ற தோல் மேளத்தின் தாளத்தை ஆறாக எண்ணுங்கள்: ஒன்று-இரண்டு-மூன்று, நாலு-ஐந்து-ஆறு. ஒன்றில் ஒரு காலிலும் நாலில் மறு காலிலும் உடல் எடையை மாற்றுங்கள். சமையலறையில் டீ கொதிக்கும் நேரம் போதும் பழக. ரவானும் உங்களுக்கு அந்நியம் இல்லை. ஆட்டுத்தோல்தான், வாசிக்கும் முன் நெருப்பில் காட்டி இறுக்குவார்கள், நம் பறையைக் காய்ச்சுவதுபோல. காவடி தோளில் இருக்கும்போது மேளத்துக்குக் கால் தானாக நகர்ந்ததே, அப்போது யாரிடம் வகுப்புக்குப் போனீர்கள்?

இந்த ஏற்பாட்டாளர்களை எனக்குத் தெரியும். மண்டபத்தில் ஒரு கமிஷன், டீஜேயிடம் ஒரு கமிஷன், கடைசியில் அப்பா அம்மாவின் கூச்சத்திலும் ஒன்று. பதிவு செய்த பாட்டுக்கு அடியடியாகச் சொல்லிக்கொடுப்பார்கள். அன்றைக்குக் குழு நேரடியாக வாசிக்கும். சனம் சூடானால் அதே பாட்டை இன்னும் பத்து நிமிடம் இழுக்கும். போன வருஷம் ஒரு அப்பாவைப் பார்த்தேன். பாதியில் அடி மறந்து, ஜூஸ் மேசைப் பக்கம் வாத்தியாரைத் தேடியபடி அப்படியே நின்றுவிட்டார். எதிரில் சம்பந்தியம்மா பாவம், தனியாக ஆடிக்கொண்டிருந்தார்.

2014-ல் யுனெஸ்கோ மொரீஷியஸின் பாரம்பரியச் சேகாவைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நல்ல காரியம். ஆனால் இப்போது யாரைப் பார்த்தாலும் சான்றிதழ், லெவல் ஒன்று, லெவல் இரண்டு. பெரியவர்களுக்கு இலவசமாகச் சொல்லித்தர ஒரு கூடம் கேட்டு மூன்று படிவம் எழுதினேன். 'பாடத்திட்டம் எங்கே?' என்று திருப்பி அனுப்பினார்கள். அந்தந்த நேரத்தில் தோன்றுவதை ஆடும் ஆட்டத்துக்குப் பாடத்திட்டமாம்!

சரி, ஒரு விதிவிலக்கு. ஆட்டம் ஏறும்போது 'ஆன் பா, ஆன் பா' என்று குரல் எழும். கீழே, கீழே என்று அர்த்தம். ஆடுபவர்கள் மெல்ல மெல்ல முழங்காலில் இறங்கி, பின்பக்கமாகச் சாய்வார்கள். இதை மட்டும் முன்னாலேயே பழகிப் பாருங்கள். இறங்குவது எளிது, எழுவதுதான் பாடு. மாயேபூர் பக்கம் ஒரு கல்யாணத்தில் நானே ஜம்பமாக இறங்கிவிட்டு எழ முடியாமல், மருமகன் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கினான்; ஒரு வாரம் படி ஏறவில்லை. வீட்டில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பாதி இறங்கிப் பாருங்கள். முட்டி முனகினால் அங்கேயே நிறுத்திக்கொண்டு, தோளை மட்டும் அசையுங்கள். ஈர மணலில் இறங்கவே இறங்காதீர்கள். வேட்டி கட்டியிருந்தால் இறங்கும் முன் மடித்துக் கட்டிக்கொள்ளுங்கள், முனையை மிதித்துவிட்டு எழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டாம்.

சல்சா எட்டு எண்ணிக்கை: ஒன்று-இரண்டு-மூன்றில் அடி, நாலில் நிறுத்தம், ஐந்து-ஆறு-ஏழில் அடி, எட்டில் நிறுத்தம். அதிலும் எந்தச் சுற்று எப்போது என்பதை ஜோடியை நடத்துபவர் அந்த நேரத்தில்தான் தீர்மானிப்பார். அந்தப் பாட்டுக்கு நீங்கள் உட்கார்ந்தே இருக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள்.

18,000 ரூபாயைக் குழுவுக்குக் கொடுங்கள். டீஜேக்குப் பதில் ரவான், மரவான் (குலுக்கி ஒலி எழுப்பும் பெட்டி), முக்கோணக் கம்பியோடு வாசிக்க ஆள் கிடைக்கிறார்களா என்று சம்பந்தியிடமே கேளுங்கள், ஏற்பாட்டாளரிடம் வேண்டாம்.