கிறிஸ்தவப் பயிற்சியாளர் தன் விசுவாசத்தை மைதானத்துக்கு எப்படிக் கொண்டுவருவது?

ஆட்டத்துக்கு முன் பிள்ளைகளோடு ஜெபிக்கலாமா, பயிற்சியில் விசுவாசத்தை எப்படிக் காட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். விசுவாசத்துக்கும் விளையாட்டுக்கும் பழைய உறவு உண்டு. 1891-ல் கூடைப்பந்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் இறையியல் படித்தவர், ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் அமைப்பின் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோதுதான் அதை வகுத்தார்.

திருச்சபை நடத்தும் அணி என்றால் தாராளமாகச் சேர்ந்து ஜெபியுங்கள். பல மதப் பிள்ளைகள் ஆடும் அணி என்றால் கதை வேறு. யாரை ஆட்டத்தில் இறக்குவது என்பது உங்கள் கையில் இருக்கிறது. "விருப்பம் உள்ளவங்க மட்டும் வாங்க" என்று நீங்கள் சொன்னாலும், இடம் போய்விடுமோ என்ற பயத்தில் ஒரு பையன் வந்து நிற்பான். அப்படி வரவழைக்கும் ஜெபம் வேண்டாம், தனியாக ஜெபியுங்கள்.

கடைசி நிமிடத்தில் பெனால்டியைத் தவறவிட்டவன் தலைகுனிந்து வரும்போது முதல் ஆளாக அவனிடம் போங்கள். தோளில் கை வையுங்கள். அலசலை அடுத்த பயிற்சியில் வைத்துக்கொள்ளலாம். உங்கள் விசுவாசத்தைப் பிள்ளைகள் பார்ப்பது அங்கேதான். நடுவர் தவறுதலாக உங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தால் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் கிறிஸ்தவ ஓட்டவீரர் எரிக் லிடெல், தகுதிச்சுற்று கர்த்தருடைய நாளான ஞாயிற்றுக்கிழமை என்பதால் 100 மீட்டரை விட்டுவிட்டு, 400 மீட்டரில் தங்கம் வென்றார். இதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் விசுவாசமாக இருந்தால் பதக்கம் நிச்சயம் என்று பிள்ளைகள் புரிந்துகொள்ள விடாதீர்கள்.