பணித்தளத்தில் இருந்த அனல் வீட்டுக்கு வந்ததும் குறைவதேன்?

கேள்வி: அன்புள்ள அக்கா, போன காலாண்டு விடுமுறையில் எங்கள் சபை வாலிபர் ஐக்கியத்திலிருந்து இருபது பேர் ஜார்க்கண்டில் ராஜ்மகல் மலையிலுள்ள ஒரு மிஷனெரி பணித்தளத்துக்குப் போனோம். பிள்ளைகளுக்குப் பாட்டு, கதை, நாடகம் நடத்தினோம். மருத்துவ முகாமில் உதவினோம். கிளம்பும் நாளில், அந்த மலையில் வாழும் மால்தோ பழங்குடியைச் சேர்ந்த ஒரு பாட்டி எங்களுக்கு மக்காச்சோளம் அவித்துக் கொடுத்தார். பிறகு என் தலையில் கை வைத்து அவர்கள் பாஷையில் ஜெபித்தார். ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனாலும் அழுதுவிட்டேன். ஊருக்கு வந்து சபையில் சாட்சியும் சொன்னேன். ஆனால் ஒரு மாதத்துக்குள் பழையபடி வேதம் வாசிக்கச் சோம்பல், ஜெபத்தில் தூக்கம். அங்கே எனக்குக் கிடைத்தது வெறும் உணர்ச்சிதானா? மே மாதம் மறுபடி போகிறார்கள். அப்பாவோ, "அந்த டிக்கெட் காசை மிஷனெரிக்கே அனுப்பிடு, அவருக்காவது பிரயோஜனப்படும்" என்கிறார். போகட்டுமா, வேண்டாமா?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை நீங்களே இன்னொரு தடவை வாசித்துப் பாருங்கள். நீங்கள் நடத்திய பாட்டு, கதை, நாடகம், முகாம் எல்லாம் இரண்டு வரியில் முடிந்துவிட்டது. அந்தப் பாட்டியைப் பற்றி மட்டும் நின்று நிதானமாக எழுதியிருக்கிறீர்கள். கொடுக்கப் போன இடத்தில் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். அதை வெறும் உணர்ச்சி என்று நான் தள்ளிவிட மாட்டேன்.

அப்போஸ்தலர் 10-ம் அதிகாரத்தில் பேதுருவுக்கும் இதுதான் நடந்தது. யூதரல்லாத ரோமப் படை அதிகாரி கொர்நேலியுவுக்குச் சுவிசேஷம் சொல்லத்தான் செசரியாவுக்குப் போனார். ஆனால் அந்த வீட்டுக்குள் நின்றுகொண்டு, தேவன் பட்சபாதமுள்ளவரல்ல என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன் என்கிறார். அத்தனை வருஷம் இயேசுவோடு நடந்தவர், அந்தப் பாடத்தைப் படிக்க ஒரு புறஜாதியானின் வீட்டு வாசற்படி ஏற வேண்டியிருந்தது.

சரி, அனல் ஏன் குறைந்தது? அங்கே போனில் சிக்னல் இருந்திருக்காது. எல்லாரும் விடியற்காலையில் எழுந்ததால் நீங்களும் எழுந்தீர்கள். முன்பின் தெரியாத பிள்ளைகள் முன்னால் நிற்கப் பயம், அதனால் ஜெபம் தானாக வந்தது. வீட்டில் அந்த நெருக்கடி எதுவும் இல்லை. தேவன் ராஜ்மகலில் தங்கிவிட்டார் என்று நினைக்காதீர்கள். அவரை நம்பித்தான் ஆக வேண்டும் என்ற நிலைமை உங்களுக்கு பாளையங்கோட்டையில் இல்லை, அவ்வளவுதான்.

லூக்கா 10-ல் எழுபது பேர் ஊழியத்துக்குப் போய்விட்டுச் சந்தோஷமாகத் திரும்பி வந்து சாட்சி சொல்கிறார்கள். உங்கள் சபையில் நடந்தது மாதிரியே. ஆண்டவர் அந்தச் சந்தோஷத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் பிசாசுகள் கீழ்ப்படிந்ததற்காகச் சந்தோஷப்படாதீர்கள், உங்கள் நாமங்கள் பரலோகத்தில் எழுதியிருக்கிறதற்காகச் சந்தோஷப்படுங்கள் என்று அதை வேறு பக்கம் திருப்பிவிடுகிறார். ஊழியத்தில் கிடைக்கிற வெற்றி இன்றைக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. அடுத்தாற்போல் லூக்கா எதை வைத்திருக்கிறார் பாருங்கள்: நல்ல சமாரியன் கதை. அவன் மிஷன் பயணம் ஒன்றும் போகவில்லை. தன் வேலையாகப் போய்க்கொண்டிருந்தவன், வழியில் கிடந்தவனைத் தூக்கினான்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மாவின் கதையை ஒவ்வொரு மிஷனெரி ஞாயிறிலும் கேட்டிருப்பீர்கள். அதனால் உங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைச் சொல்கிறேன். வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த அசரியா, ஒய்.எம்.சி.ஏ. வேலையாக 1902-ல் யாழ்ப்பாணம் போனார். அங்கே இருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் காசில், தங்கள் ஆட்களையே மிஷனெரிகளாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அத்தனை சபைகள் இருக்கிற திருநெல்வேலி ஏன் அதைச் செய்யவில்லை என்ற கேள்வி அவரைக் குடைந்தது. அடுத்த வருஷமே, 1903-ல், உங்கள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. 1909-ல் அவரே தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்குக் குடும்பத்தோடு போய்விட்டார். 1912-ல் பேராயரானதெல்லாம் அதற்குப் பிறகு. யாழ்ப்பாணத்தில் அவருக்கு அழுகை வந்ததா என்று எனக்கு அக்கறையில்லை. ஊருக்கு வந்ததும் யாரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார், அடுத்து என்ன செய்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அப்பா சொல்வதிலும் பாதி நியாயம் உண்டு. மிசோரத்தில் பெண்கள் 1910 முதல் ஒவ்வொரு வேளை சமைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து ஊழியத்துக்குக் கொடுத்துவருகிறார்கள். அடுப்பங்கரையை விட்டு நகராமலே அவர்கள் விசுவாசம் வேர்விட்டிருக்கிறது. போகாவிட்டால் வளர முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். இருபது பேர் வந்து இறங்கினால் மிஷனெரியின் மனைவிக்கு என்ன ஆகும்? மலையில் தண்ணீர் சுமந்து, இருபது பேருக்கு மூன்று வேளை பொங்கிப் போட வேண்டும். விருந்தாளிகள் முன்னால் முகம் சுளிக்கவும் முடியாது. அப்புறம் அந்தப் போட்டோக்கள். குழந்தைகளைச் சுற்றி நிறுத்தி எடுத்து, 'ஆத்தும அறுவடை' என்று எழுதி ஸ்டேட்டஸ் போடுகிறார்கள். ஜார்க்கண்டில் 2017 முதல் மதமாற்றத் தடைச் சட்டம் இருக்கிறது. நீங்கள் ரயில் ஏறிவிடுவீர்கள். ஒரு ஸ்டேட்டஸை வைத்து யாராவது கேள்வி கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர் அங்கேயே குடியிருக்கிற மிஷனெரி. அந்தக் குழந்தைகளின் அப்பா அம்மாவிடம் போட்டோவுக்கு அனுமதி கேட்டீர்களா என்பது தனிக் கேள்வி.

அதனால் மே மாதத்துக்கு முன்னால் இரண்டு காரியம் செய்யுங்கள்.

பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளி இருக்கிறது. அனுமதி கேட்டு, வாரம் ஒரு நாள் யாராவது ஒரு மாணவிக்குப் பாடம் வாசித்துக் காட்டுங்கள். இயற்பியல் பாடத்தில் யாருக்கும் கண்ணீர் வராது. மூன்றாம் வாரமே உங்களுக்குச் சலிப்புத் தட்டும், நான்காம் வாரம் தலைவலி என்று சொல்லத் தோன்றும். அதற்கு அடுத்த வாரம் அந்தப் பிள்ளை, "ஏன்க்கா போன வாரம் வரல?" என்று கேட்பாள். அப்போது உங்களுக்கு ஜெபிக்க ஒரு காரணம் இருக்கும். ராஜ்மகலில் இருந்த நெருக்கடி மாதிரியே, ஆனால் இது ஊரிலேயே, வாராவாரம்.

இரண்டாவது, நீங்கள் தங்கியிருந்த மிஷனெரி குடும்பத்தின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று தெரியுமா? வடக்கே ஊழியம் செய்கிறவர்களின் பிள்ளைகள் பலர் டோனாவூர் சந்தோஷ வித்யாலயா பள்ளியில் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறிப் போகிற தூரம்தான். ரயிலில் நாட்கணக்காகப் போய் அப்பா அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தீர்கள். பிள்ளைகளையும் பார்க்கலாமே? முதலில் அந்த அம்மாவிடம் போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் செய்த பிறகும் மே மாதம் போக மனமிருந்தால் தாராளமாகப் போங்கள். கூட்டமாக வேண்டாம், மூன்று நான்கு பேர் போதும். வெயில் காலத்தில் வரலாமா, என்ன வேலைக்கு ஆள் தேவை என்று மிஷனெரியிடம் கேளுங்கள். "இப்போ வேண்டாம்மா, மழைக்கு அப்புறம் வாங்க" என்றால் மழைக்கு அப்புறம் போங்கள். உங்கள் சாப்பாட்டுச் செலவுக்கு மேலேயே கையில் கொடுத்துவிடுங்கள், அப்பாவுக்கும் சமாதானமாக இருக்கும். போவதற்குள் மால்தோவில் இருபது முப்பது வார்த்தையாவது கற்றுக்கொள்ளுங்கள். அதுவும் நம் தமிழைப் போல ஒரு திராவிட மொழிதான், நாக்கு ரொம்பச் சண்டித்தனம் பண்ணாது. நாடகத்தை விட்டுவிட்டு அந்தப் பாட்டியோடு உட்கார்ந்து சோளம் உரியுங்கள்.