தொங்கிப் பார்த்தால் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாறையேற்றம் பழக ஆரம்பித்து ஆறு மாதம் ஆகிறது. மாமா தன் பழைய சாமான்களைப் பையோடு தந்துவிட்டார்: ஒரு கயிறு, ஒரு ஹார்னஸ் (இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டை), எட்டு கேரபைனர் (கதவுள்ள உலோகக் கொக்கி), நான்கு குவிக்டிரா (துணிப்பட்டையால் இணைத்த இரண்டு கேரபைனர்), ஒரு ஹெல்மெட். கயிற்று நுனியில் 'ஈ.என். 892:2012' என்று இருக்கிறது, 2012 தயாரிப்பு போல. ஹார்னஸில் சி.இ. என்ற ஐரோப்பிய முத்திரைக்குப் பக்கத்தில் 0120 என்று இருப்பதை 2020 ஜனவரி என்று எடுத்துக்கொண்டேன். பை சில வருஷம் கார் டிக்கியில் கிடந்ததாம். நானும் தம்பியும் ஒரே நேரத்தில் கயிற்றில் தொங்கிப் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை. பார்வைக்கும் நன்றாகவே இருக்கிறது. நம்பி ஏறலாமா?

ச.

அன்புள்ள ச.,

ஏற வேண்டாம். கயிறு, ஹார்னஸ், ஹெல்மெட், குவிக்டிராக்களின் துணிப்பட்டை ஆகியவற்றை ஒதுக்கிவிடுங்கள். கேரபைனர்களை மட்டும் சோதித்துவிட்டு வைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் தேதி என்று படித்த இரண்டுமே தேதி இல்லை. 892 என்பது இழுபடும் ஏற்றக் கயிறுகளுக்கான ஐரோப்பியத் தரம். 2012 அந்தத் தரம் திருத்தி வெளியான ஆண்டு. அதற்குப் பல வருஷம் கழித்துத் தயாரான கயிற்றிலும் அதே எண் இருக்கும். சி.இ. முத்திரைக்குப் பக்கத்து நான்கு இலக்கம் தரத்தைச் சரிபார்க்கும் அமைப்பின் அடையாள எண். பழைய சாமான் வாங்குகிற பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். தயாரிப்பு ஆண்டு தனியாக அச்சாகியிருக்கும், அல்லது வரிசை எண்ணுக்குள் ஒளிந்திருக்கும். அதைப் படிக்கும் முறை தயாரிப்பாளரின் குறிப்பேட்டில் உண்டு. துணி, பிளாஸ்டிக் சாமான்களுக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் தரும் உச்சவரம்பு தயாரித்த நாளிலிருந்து 10 ஆண்டு, பிரிக்காமலே வைத்திருந்தாலும். வாராவாரம் ஏறுகிறவரின் கயிறு ஓராண்டிலேயே தேய்ந்துவிடலாம். ஒரு பெரிய விழுகைக்குப் பிறகு அன்றைக்கே ஒதுக்க வேண்டிய கயிறும் உண்டு.

இனி, தொங்கிப் பார்த்த சோதனை. நீங்கள் இருவரும் சேர்ந்து 150 கிலோ என்று வைத்துக்கொண்டால் கயிற்றின் மேல் வந்த பாரம் ஏறக்குறைய 1.5 கிலோநியூட்டன். முன்னணியில், அதாவது கயிற்றைத் தன்னோடு மேலே கொண்டுபோய் வழியில் மாட்டிக்கொண்டே, ஏறுகிறவர் விழும்போது, எல்லாப் பாரமும் தொங்கும் மேல் கேரபைனரில் அதைப்போலப் பல மடங்கு இழுப்பு வரும். உதாரணத்துக்கு, ஸ்லிங் என்னும் துணிப்பட்டை வளையம் புதிதாக இருக்கும்போது 22 கிலோநியூட்டனாவது தாங்க வேண்டும் என்பது விதி. அது முக்கால் பங்கு வலுவை இழந்து 5.5-க்கு இறங்கியிருந்தாலும் உங்கள் 1.5-ஐ அலட்டாமல் தாங்கிவிடும். உங்கள் சோதனை பிடிப்பது அறவே இற்றுப்போனதை மட்டும்தான். பாதி இற்றது 'தேர்ச்சி' பெற்றுவிடும். அதனால்தான் இந்தச் சோதனை எனக்குப் பயமாக இருக்கிறது: செய்யாதவருக்குச் சந்தேகமாவது மிஞ்சும்.

கயிற்றை ஒதுக்கச் சொல்வதற்கு முதல் காரணம் அந்த டிக்கி. ஏற்றக் கயிறு நைலான். நைலானுக்கு அமிலம் ஆகாது, அதிலும் பேட்டரியின் கந்தக அமிலம். கசிந்த பேட்டரி எப்போதோ வைக்கப்பட்டிருந்த இடத்தில் கயிறு கிடந்தாலே போதும். நிறம் மாறாது, உறை கிழியாது, கைக்கும் ஒன்றும் தெரியாமல் போகலாம். இழைகள் மட்டும் உள்ளே செத்திருக்கும். அந்த டிக்கியில் என்னென்ன இருந்தது என்று மாமாவால் இன்று சத்தியம் செய்ய முடியாது. சரித்திரம் தெரியாத துணிச் சாமானைக் கண்ணால் பார்த்துத் தேற்ற வழியில்லை.

வரலாறு தெரிந்த கயிற்றை, நாளை நீங்களே வாங்கப்போகும் கயிற்றை, கையால் சோதிக்கும் முறை இது. நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து நுனியிலிருந்து ஒரு சாண் ஒரு சாணாக விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு சாணையும் வளைத்துச் சிறு வளையமாக்கிப் பாருங்கள். வளையம் உருண்டையாக நிற்க வேண்டும். ஓரிடத்தில் கீல் மாதிரி மடிந்தால், தட்டையாகவோ சப்பென்றோ இருந்தால், அங்கே உள்கரு சிதைந்திருக்கிறது. உறை பஞ்சுபோல் நுரைத்திருப்பது ஓரளவு இயல்பு; வெள்ளைக் கரு எட்டிப்பார்த்தாலோ, உருகிக் கண்ணாடிபோல் பளபளத்தாலோ அந்த இடத்தோடு முடிந்தது. சேதம் நுனிக்குப் பக்கத்தில் என்றால் வெட்டிவிட்டுத் தொடரலாம். ஆனால் வெட்டிய கயிற்றின் நடுக்குறி இப்போது நடுவில் இல்லை, 60 மீட்டர் என்ற சீட்டும் பொய். துவைத்தாலும் நைலான் சுருங்கும். அதனால் நாடாவால் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆளைக் கீழிறக்கும்போது கயிற்று நுனி பிலே கருவி (கீழே நிற்பவர் கயிற்றைப் பிடித்து விடும் கருவி) வழியே ஓடி வெளியேறிவிடுகிற விபத்து இப்படித்தான் வருகிறது. மறு நுனியில் எப்போதும் ஒரு முடிச்சு. இன்னொன்று: பழைய கயிற்றில் 1891 என்று இருந்தால் அது இழுபடாத கயிறு. இறங்கவும் சாமான் தூக்கவும் சரி, முன்னணி ஏற்றத்துக்குக் கூடாது.

ஹார்னஸில் கயிறு கட்டும் இரண்டு கண்ணிகளும், அவற்றை இணைத்து பிலே கருவியை மாட்ட உதவும் பிலே லூப் என்ற துணி வளையமும்தான் உயிர். அவை ஒன்றோடொன்று உரசும் உட்பக்கத்தை விரித்துப் பாருங்கள். தேய்மானம் வெளியே தெரியாமல் அங்கேதான் ஆரம்பிக்கும். 2006-ல் அமெரிக்காவின் யோசெமிட்டியில் டாட் ஸ்கின்னர் இறந்தது தேய்ந்துபோன பிலே லூப் அறுந்து. உலகறிந்த, கைதேர்ந்த ஏற்றக்காரர் அவர். பல ஹார்னஸ்களில் அடியில் வேறு நிறத் துணி வைத்திருப்பார்கள், அந்த நிறம் தெரிந்தால் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம்.

கேரபைனரோ உலோகம், அதன் குறை பெரும்பாலும் கண்ணில் படும். வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவிக் காயவையுங்கள். கதவை முழுக்கத் திறந்து மெல்ல விடுங்கள். தானாக, முழுசாக மூட வேண்டும். கடைசி ஒரு மில்லிமீட்டரில் தயங்கி நின்றால் நீங்கள் ஏறுவது திறந்த கதவை நம்பி. விதி கேட்கும் குறைந்தபட்சம் மூடியிருந்தால் நீளவாக்கில் 20 கிலோநியூட்டன், திறந்திருந்தால் வெறும் 7. துடைத்து மசகு போட்டும் சரியாகவில்லை என்றால் ஒதுக்குங்கள். பிறகு கயிறு ஓடும் வளைவை நகத்தால் வருடுங்கள். பள்ளம் 1 மில்லிமீட்டரை எட்டியிருந்தாலோ, அதன் ஓரம் நகத்தைச் சுரண்டினாலோ வேண்டாம். அந்த ஓரம் கயிற்றைக் கத்திபோல் சீவும். இடுப்புயரத்திலிருந்து விழுந்ததற்கெல்லாம் உள்விரிசல் என்று அஞ்ச வேண்டியதில்லை. பாறை உச்சியிலிருந்து விழுந்து அடிபட்டது வேறு விஷயம்.

குவிக்டிராக்களுக்குப் புதுப் பட்டை மாட்டும்போது ஒரு முனையில் கேரபைனரை அசையாமல் பிடிக்க ரப்பர் வளையம் போடுவீர்கள். கேரபைனர் பட்டையின் தைத்த கண்ணிக்குள் போயிருக்கிறதா என்று ரப்பரை விலக்கிப் பாருங்கள். ரப்பருக்குள் மட்டும் மாட்டியிருந்தாலும் வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். 2013-ல் பிரான்ஸில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் இப்படித் தவறாகக் கோத்த குவிக்டிராக்களால் விழுந்து இறந்தான்.

ஹெல்மெட்டைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. உள்ளிருக்கும் நுரை ஒருமுறை நசுங்கினால் நசுங்கியதுதான், அது நசுங்கியதா என்று உங்களுக்குத் தெரியாது.

ஒதுக்கியதை அப்படியே குப்பையில் போடாதீர்கள். ஹார்னஸின் பிலே லூப்பையும் கட்டுக் கண்ணிகளையும் கத்தரியுங்கள். கயிற்றை இரண்டிரண்டு மீட்டராக வெட்டுங்கள். முடிச்சுப் பழக அந்தத் துண்டுகள் தாராளமாகப் போதும், எடுத்துப் போகிற யாரும் அதில் ஏற முடியாது.